வீட்டு நாஸுக்கு பேக்கப் டிஸ்க், ஆர்க்கைவ் டிஸ்க்: எதை வாங்குவது, எங்கே வைப்பது

நாஸ் என்பது வீட்டுக் கருவிகள் எல்லாம் நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைச் சேமிக்கும் பெட்டி. அதில் இரண்டு ஹார்ட் டிஸ்க், ஒரே தகவலை இரண்டிலும் எழுதும் ரெய்டு 1 முறையில் ஓடினால், ஒன்று பழுதானாலும் வேலை நிற்காது. அதன் பயன் அவ்வளவுதான். கைதவறி அழித்த ஃபோல்டர் அந்த நொடியே இரண்டிலும் அழிந்துவிடும். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் புகுந்தால் இரண்டும் சேர்ந்தே பூட்டிக்கொள்ளும். கோடை இடிமழையில் மின்சாரம் எகிறினால் பெட்டியோடு இரண்டும் போகலாம். ஆகவே பெட்டிக்கு வெளியே ஒரு பிரதி, வீட்டுக்கு வெளியே இன்னொரு பிரதி கட்டாயம் வேண்டும்.

வாங்கும் முன் உங்கள் கோப்புகளை இரண்டாகப் பிரியுங்கள். தினமும் மாறுகிறவை ஒரு பக்கம்: கடைக் கணக்கு, போனிலிருந்து வந்து சேரும் படங்கள், பிள்ளைகளின் பாட வேலைகள். இவற்றுக்குத் தேவை பேக்கப், அதாவது நேற்றைக்கோ போன மாதத்துக்கோ திரும்பிப் போகும் வசதி. இனி மாறவே மாறாதவை மறுபக்கம்: கல்யாண வீடியோ, பத்திர ஸ்கேன், பழைய ஆல்பம். இவற்றுக்கு ஆர்க்கைவ். பலர் இடம் பற்றாமல் பழைய வீடியோக்களை நாஸிலிருந்து ஒரு டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். உலகத்தில் அந்த வீடியோவுக்கு அந்த ஒரு டிஸ்க்தான் என்றால் அது ஆர்க்கைவ் ஆகாது. ஆர்க்கைவுக்கும் இரண்டு டிஸ்க் வேண்டும்.

பேக்கப் டிஸ்க்கின் அளவுக்கு, நாஸின் மொத்தக் கொள்ளளவைப் பார்க்காதீர்கள். நிரம்பியிருக்கும் அளவைப் பாருங்கள். அதைப்போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வாங்கலாம். பழைய பதிப்புகளும் அதில்தான் உட்கார வேண்டும். 2 டெராபைட் நிரம்பியிருந்தால் 4 டெராபைட் டிஸ்க். விண்டோஸில் அது 3.63 என்றுதான் காட்டும். கணக்கிடும் முறை வேறு, குறைபாடு அல்ல.

வகையில், தனி அடாப்டருடன் வரும் 3.5 அங்குல டிஸ்க்கையே பரிந்துரைக்கிறோம். 2.5 அங்குல போர்ட்டபிள் சிலவற்றில் யுஎஸ்பி துளை போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். துளை உடைந்தால் டிஸ்க்கை வேறு பெட்டியில் மாட்டிப் படிக்க வழியில்லை. அடுத்தது, டிஸ்க்கில் தகவலை எழுதும் இரு முறைகளான எஸ்எம்ஆர், சிஎம்ஆர் வேறுபாடு. சிஎம்ஆரில் தடங்கள் தனித்தனியாக இருக்கும். எஸ்எம்ஆர் டிஸ்க்கில் தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி இருப்பதால், ஒரு தடத்தைத் திருத்த பக்கத்துத் தடங்களையும் திரும்ப எழுத வேண்டியிருக்கும். வெளியே வைக்கும் பேக்கப்புக்கு இது மெதுவாக இருந்தாலும் போதும். நாஸுக்குள் மாட்டுவது மட்டும் சிஎம்ஆராகவே இருக்கட்டும், இல்லையென்றால் பழுதான டிஸ்க்கை மாற்றியபின் நடக்கும் ரெய்டு மறுசீரமைப்பு நாள்கணக்கில் இழுக்கும். 2020-இல் வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையில் சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்று தெரியவந்து பெரிய சர்ச்சையானது. அதற்குப் பிறகு அந்த வரிசையின் சிஎம்ஆர் டிஸ்க்குகள் ரெட் பிளஸ் என்ற பெயரில் வருகின்றன.

எஸ்எஸ்டியும் பென்டிரைவும் ஆர்க்கைவுக்கு வேண்டவே வேண்டாம். மின்சாரம் இல்லாமல் கிடக்கும்போது அவற்றின் செல்களில் உள்ள மின்னூட்டம் மெல்லக் கசியும். வெயில் ஏற ஏற வேகமாகக் கசியும். பத்திரம், சான்றிதழ், முக்கியமான சில நூறு படங்களுக்கு மட்டும் கூடுதலாக நீண்ட காலம் தாங்கும்படி செய்யப்பட்ட எம்-டிஸ்க் ப்ளூரே வட்டு எழுதி வைக்கலாம். 25, 50, 100 ஜிபி அளவுகளில் வருகிறது. அதை ஏற்கும் ரைட்டர் வேண்டும். சாதாரண எழுதும் டிவிடியின் சாயம் வெப்பத்திலும் வெளிச்சத்திலும் கெடும்.

டிஸ்க் கைக்கு வந்ததும் செய்ய வேண்டியவை:

1. பெங்களூர் எஸ்பி ரோடு எலக்ட்ரானிக்ஸ் சந்தையில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும், சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் வாரண்டி பக்கத்தில் சரிபாருங்கள்.
2. டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் தகவலில் ஓடிய மணிநேரம் பாருங்கள். புது டிஸ்க்கில் நூற்றுக்கணக்கில் இருந்தால் திருப்பிக் கொடுங்கள்.
3. நீண்ட ஸ்மார்ட் சோதனையை ஓட்டுங்கள். 4 டெராபைட்டுக்கு ஓர் இரவு ஆகும். படிக்கச் சிரமமான பகுதிகளைக் குறிக்கும் நிலுவை செக்டர் (Current Pending Sector) என்ற எண் பூஜ்யமாக இருக்க வேண்டும்.
4. நாஸின் யுஎஸ்பி 3 துளையில் செருகுங்கள். 2 டெராபைட் நாலைந்து மணி நேரத்தில் ஏறும். யுஎஸ்பி 2 என்றால் 16 மணி நேரம் ஆகும்.

சினாலஜி நிறுவன நாஸில் ஹைப்பர் பேக்கப், கியூநேப் நாஸில் ஹைப்ரிட் பேக்கப் சிங்க் என்ற பேக்கப் மென்பொருள் இருக்கிறது. தினசரி 7, வாராந்திர 4, மாதாந்திர 12 பதிப்புகள் வைத்தால் பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். சொந்தமாகக் கட்டிய நாஸில் ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் மென்பொருளைப் பயன்படுத்துவோர் அழிக்கும் விருப்பத்தைப் போட்டால், நாஸில் அழிந்தது பேக்கப்பிலும் அழியும். ரெஸ்டிக் அல்லது போர்க் என்ற பேக்கப் மென்பொருள் அந்த ஆபத்தில்லாமல் பழைய பதிப்புகளை வைத்துக்கொள்ளும். டிஸ்க் நிரம்பி பேக்கப் மாதக்கணக்கில் நின்றுபோய், யாருக்கும் தெரியாமல் இருப்பதுதான் அடிக்கடி நடக்கிறது. தோல்விக்கு மின்னஞ்சல் வரும்படி அமைத்துவிடுங்கள். வேலை முடிந்ததும் டிஸ்க்கை முறையாக வெளியேற்றிக் கழற்றுங்கள். செருகியே கிடந்தால் ரேன்சம்வேருக்கும் மின்னலுக்கும் அதுவும் எட்டும்.

வீட்டுக்கு வெளியே எங்கே வைப்பது? நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி பகுதியில் இதற்கு நல்ல வசதி உண்டு. பாலக்கோட்டிலோ காவேரிப்பட்டணத்திலோ வீடு இருந்தாலும், ஓசூரிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கும் பிள்ளை மாதம் ஒருமுறையாவது ஊருக்கு வருவார். இரண்டு டிஸ்க் வைத்து, வரும்போது ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த தெரு சித்தப்பா வீடு போதாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்குக் கொட்டி, நிறுத்தியிருந்த வண்டிகளையே அடித்துச் சென்றது. பஸ்ஸில் போய்வரும் டிஸ்க் தொலையக்கூடும், அதனால் கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி என்கிரிப்ட் செய்யுங்கள். கடவுச்சொல்லைத் தாளில் எழுதி டிஸ்க் இல்லாத இடத்தில் வையுங்கள்.

கிளவுடை முழு நாஸுக்கும் நம்பாதீர்கள். 20 எம்பிபிஎஸ் அப்லோடில் 2 டெராபைட் ஏற ஒன்பது நாளுக்கு மேல் ஆகும். முக்கியமான 100 ஜிபி என்றால் பதினொரு மணி நேரத்தில் முடியும்.

தர்மபுரி வெயிலுக்குப் பரணும் தகரக் கூரை மாடியறையும் ஆகாது. தரைத்தளத்தில், வெயில் படாத உள்சுவர் பீரோவில், ஆன்டிஸ்டேடிக் உறையோடு வையுங்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் ஈரம் அதிகம் என்பதால் சிலிக்கா ஜெல் பொட்டலமும் போடுங்கள். நாஸை இன்வெர்ட்டரில் மட்டும் ஓட்டுவதானால் அதை யுபிஎஸ் நிலையில் வைக்க வேண்டும். சாதாரண நிலையில் கரண்ட் மாறும் கணத்தில் நாஸ் அணைந்து எழக்கூடும். 600 விஏ யுபிஎஸ் ஒன்றை யுஎஸ்பி கேபிளோடு இணைத்து, கரண்ட் போனால் ஐந்து நிமிடத்தில் நாஸ் தானாக அணையும்படி அமைப்பது இன்னும் நல்லது. வாங்கும்போதே அந்த யுஎஸ்பி துளை இருக்கிறதா என்று கேளுங்கள், மலிவானவற்றில் இருக்காது.

ஆர்க்கைவ் டிஸ்க்கில் எழுதும்போதே எல்லாக் கோப்புகளுக்கும் எஸ்எச்ஏ-256 செக்சம் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எண்) பட்டியல் ஒன்றைச் சேர்த்து வையுங்கள். வருடம் ஒருமுறை இரண்டு டிஸ்க்கையும் முழுதாகப் படித்துப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். ஒன்றில் பொருந்தாத கோப்பை மற்றதிலிருந்து எடுத்து நிரப்பலாம். ஐந்து வருடம் ஆன டிஸ்க்கைப் பழுதாகும் முன்பே புதியதற்கு மாற்றுங்கள். பேக்கப்பிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு ஃபோல்டரை நாஸுக்கு அல்லாமல் வேறொரு லேப்டாப்பில் மீட்டெடுத்து, படமும் வீடியோவும் திறக்கின்றனவா என்று பாருங்கள்.