80களின் பிற்பகுதி ஸ்னேர்: ஒரே அடியிலிருந்து இரண்டு ஒலி

1987, 88 வாக்கில் வந்த ஆங்கிலப் பாப் பாட்டு ஒன்றையும் அதே ஆண்டின் ஆல்டர்நேட்டிவ் ராக் பாட்டு ஒன்றையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். பாடகர் வாய் திறக்கும் முன்பே, ஸ்னேர் டிரம்மிலேயே (டிரம் செட்டில் சுளீரென்று ஒலிக்கும் சிறு டிரம்) எது எது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். பாப் ஸ்னேர் பெரிய மண்டபத்தில் வெடித்து, கதவை அறைந்து சாத்தியது போலச் சட்டென்று நிற்கும். மற்றதில் ஒரு நிஜ அறை கேட்கும். அதன் ஓசை தானாகவே அடங்கும். ஒரே ஸ்னேர் ஒலியிலிருந்து இரண்டையும் நீங்களே செய்து பார்த்தால், அந்தக் காலத்துப் பாட்டுகள் வேறு மாதிரி கேட்கத் தொடங்கும்.

முதல் ஒலிக்குப் பெயர் கேட்டட் ரிவெர்ப்: அறையின் எதிரொலியை (ரிவெர்ப்) பாதியில் நறுக்கிவிடுவது. லண்டன் டவுன்ஹவுஸ் ஸ்டூடியோவில், பாடகர் பீட்டர் கேப்ரியலின் 1980 ஆல்பத்துக்கான ஒலிப்பதிவின்போது பிறந்தது. இசைக்கலைஞர்கள் பேசுவது கன்ட்ரோல் அறையில் கேட்பதற்காக, அவர்கள் வாசிக்கும் அறையில் ஒரு மைக் உண்டு. மெல்லிய பேச்சும் கேட்க வேண்டும் என்பதால் அதில் மிகக் கடுமையான கம்ப்ரசர் (உரத்த ஒலியை அமுக்கி, உரத்ததையும் மெல்லியதையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரும் கருவி). ஃபில் காலின்ஸ் டிரம்ஸ் வாசித்தபோது அந்த மைக் திறந்திருக்க, அறையின் ஓசை முழுக்க ஊதிப் பெருத்துக் கேட்டது. ஒலிப்பொறியாளர் ஹியூ பேட்ஜம் அதைப் பதிவுக்குள் கொண்டுவந்து, கேட் (குறிப்பிட்ட அளவுக்குக் கீழே ஒலி போனதும் அடைத்துவிடும் கருவி) போட்டு வால் பகுதியை, அதாவது ஓசை தேய்ந்து அடங்கும் பகுதியை, நறுக்கினார். பிறகு ஏஎம்எஸ், யமஹா போன்ற நிறுவனங்களின் டிஜிட்டல் பெட்டிகளில் இதே விளைவு ஒரு பொத்தானாகவே வந்துவிட, தசாப்தத்தின் பிற்பகுதியில் எங்கும் பரவியது. அறை, கம்ப்ரசர், கேட்: இந்த வரிசைதான் முக்கியம்.

தேவையானவை

ரீப்பர் ஒலிப்பதிவு மென்பொருள் (60 நாள் இலவசமாகச் சோதிக்கலாம்), எதிரொலி சிறிதும் இல்லாத ஸ்னேர் சாம்பிள் (ஒற்றை அடியின் பதிவு) ஒன்று, ஹெட்ஃபோன். ஏற்கெனவே ரிவெர்ப் கலந்த சாம்பிளை எடுக்காதீர்கள். அந்த வாலை எந்தக் கேட்டாலும் பிரிக்க முடியாது.

படி 1: அடி

வேகத்தை நிமிடத்துக்கு 120 எண்ணிக்கை என்று வையுங்கள். கிக் டிரம்மும் (காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்) ஸ்னேரும் தனித்தனி ட்ராக்கில் இருக்கட்டும். ஸ்னேர் 2, 4 ஆகிய எண்ணிக்கைகளில் விழட்டும். அதன் உச்சம் மைனஸ் 6 டெசிபெல் அளவில் இருந்தால் போதும்.

படி 2: அறை

புது ட்ராக் ஒன்றுக்கு ‘அறை’ என்று பெயரிட்டு, அதன் சேனல் எண்ணிக்கையை 4 ஆக்குங்கள். ஸ்னேர் ட்ராக்கிலிருந்து அதற்கு இரண்டு செண்ட் (ஒலியின் நகல்) அனுப்புங்கள்: ஒன்று 1, 2 ஆகிய சேனல்களுக்கு (1/2), மற்றொன்று 3, 4 ஆகிய சேனல்களுக்கு (3/4). இரண்டாவது ஏன் என்பது படி 4-இல் தெரியும். அதை ப்ரீ-ஃபேடர் ஆக்கிவிடுங்கள், ஸ்னேர் ட்ராக்கின் ஒலியளவை மாற்றினாலும் அது மாறாது.

‘அறை’ ட்ராக்கில் ரியாவெர்பேட் (ரீப்பரின் ரிவெர்ப் கருவி) போட்டு, டிரை (ரிவெர்ப் இல்லாத மூல ஒலி) அளவை முழுதாக இறக்குங்கள். ரூம் சைஸ் 90 பக்கம். வால் 2 விநாடியாவது நீள வேண்டும். ஹைபாஸ் 200 ஹெர்ட்ஸ், லோபாஸ் 8000. கிக்கை இதற்குள் அனுப்ப வேண்டாம், அடித்தொனி கலங்கிவிடும்.

படி 3: கம்ப்ரசர்

ரிவெர்ப்புக்குப் பின்னால் ரியாகாம்ப். ரேஷியோ 10-க்கு 1, அட்டாக் 1 மில்லி விநாடி, ரிலீஸ் 100. மீட்டர் 15 டெசிபெல்லுக்குக் குறையாமல் அமுக்கும்வரை த்ரெஷோல்டை (கருவி வேலை செய்யத் தொடங்கும் ஒலியளவு) இறக்குங்கள். தொடக்கநிலையில் பலரும் விட்டுவிடுகிற படி இது. கம்ப்ரசர் இல்லாவிட்டால் வால் தானாகவே தேய்ந்துகொண்டே போகும். கேட் மூடும்போது நறுக்க அங்கே ஒன்றும் மிஞ்சியிருக்காது. வால் ஒரே மட்டத்தில் நிற்கும்போது வெட்டினால்தான் அந்த அதிரடி வரும்.

படி 4: கேட்

கடைசியாக ரியாகேட். டிடெக்டர் இன்புட்டை ஆக்ஸிலரிக்கு மாற்றுங்கள். இப்போது கேட்டைத் திறப்பது 3/4-இல் வரும் வெறும் ஸ்னேர். ரிவெர்ப்பையே கேட்டுத் திறக்கும்படி விட்டால், வாலின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்பக் கேட் திறந்து மூடி நடுங்கும்.

த்ரெஷோல்ட் மைனஸ் 20 டெசிபெல், அட்டாக் 0 அல்லது 1, ஹோல்ட் 140, ரிலீஸ் 40 மில்லி விநாடி. 120 வேகத்தில் அரை எண்ணிக்கை என்பது 250 மில்லி விநாடி. வால் அதற்குள் முடிந்துவிட வேண்டும். ஹோல்ட் எண்ணத் தொடங்குவது அடி விழுந்த கணத்திலிருந்து அல்ல, ஸ்னேர் த்ரெஷோல்டுக்குக் கீழே இறங்கிய பிறகு. சாம்பிள் 60 மில்லி விநாடி ஒலித்தால் 60, 140, 40 சேர்ந்து 240. வேறு வேகத்துக்கு 30,000-ஐ அந்த எண்ணால் வகுத்து, வரும் விடையிலிருந்து ஸ்னேர் நீளத்தையும் ரிலீஸையும் கழித்தால் ஹோல்ட் கிடைக்கும்.

‘அறை’ ட்ராக்கின் அளவு ஸ்னேரைவிட 3 டெசிபெல் குறைவாக இருக்கட்டும்.

கோளாறுகள்: மூடும் இடத்தில் ‘டிக்’ என்று கேட்டால் ரிலீஸ் மிகக் குறைவு, 20-க்குக் கீழே போகாதீர்கள். தனி சாம்பிளுக்குப் பதில் முழு டிரம் லூப்பை அனுப்பினால் ஹை-ஹேட்டும் சிம்பலும் கேட்டைத் திறந்துகொண்டே இருக்கும். கேப்ரியல் அந்த ஆல்பத்தில் சிம்பலே வேண்டாம் என்று சொன்னது இந்த ஒலிக்கு எவ்வளவு உதவியது என்பது அப்போது புரியும்.

இனி மறுபக்கம்

அதே ஸ்னேர். ‘அறை’ ட்ராக்கை மியூட் செய்யுங்கள். அமெரிக்க ஆல்டர்நேட்டிவ் ராக் குழு பிக்ஸீஸின் முதல் முழு ஆல்பத்தை ஒலிப்பொறியாளர் ஸ்டீவ் அல்பினி பாஸ்டனில் பதிவு செய்தார், 1988-இல் வெளிவந்தது. ஸ்டூடியோ எதிரொலிக்குப் பதில் நிஜ எதிரொலி வேண்டும் என்று கருவிகளைக் குளியலறைக்கே தூக்கிப்போய்ச் சில பகுதிகளைப் பதிந்தார்கள். நீங்களும் அதையே செய்யலாம்.

டைல்ஸ் பதித்த குளியலறையில் ஸ்பீக்கரைச் சுவர் பார்த்து வையுங்கள். 2 மீட்டர் தள்ளி மைக். ஸ்னேர் ட்ராக்கை ஒலிக்கவிட்டுப் பதியுங்கள். போனில் பதிவதானால் தானியங்கி ஒலியளவுச் சரிசெய்தலை அணைக்கக்கூடிய செயலி தேவை. இல்லையென்றால் ஒவ்வொரு அடிக்கும் பின்னணி இரைச்சல் மூச்சு வாங்குவது போல ஏறி இறங்கும். பதிவை ரீப்பரில் கொண்டுவந்து வரிசைப்படுத்தும்போது, மூல அடியைவிட 6 மில்லி விநாடி பின்தங்கும்படி வையுங்கள். ஒலி 2 மீட்டர் கடக்க எடுக்கும் நேரம் அது. துல்லியமாக ஒட்டவைத்தால் அறையின் ஆழம் தட்டையாகிவிடும். கம்ப்ரசர் வேண்டாம், கேட் வேண்டவே வேண்டாம். அளவு, ஸ்னேரைவிட 8 முதல் 10 டெசிபெல் கீழே.

இன்னும் ஒரு படி

இரண்டு உலகமும் சந்தித்த இடமும் உண்டு. பாப் ஸ்டூடியோக்களில் டிரம்முக்குக் கேட்டட் ரிவெர்ப் தந்த அதே யமஹா எஸ்பிஎக்ஸ் 90 பெட்டியின் ரிவர்ஸ் ரிவெர்ப்பைக் கிடாரில் ஏற்றித்தான் கெவின் ஷீல்ட்ஸ் தன் ராக் குழுவான மை பிளடி வேலன்டைனின் அந்த உருகி வழியும் ஒலியை எட்டினார். தோராயமாகச் செய்து பார்க்க: ஒரு கிடார் கார்டை (பல சுரங்கள் சேர்ந்தொலிக்கும் கூட்டு) முழு ரிவெர்ப்பாக மட்டும் ரெண்டர் செய்து, வாலில் 250 மில்லி விநாடித் துண்டை மட்டும் வெட்டி எடுத்து, ரிவர்ஸ் செய்து, கார்டு தொடங்கும் இடத்திலேயே வையுங்கள். தேய வேண்டிய ஓசை பெருகிக்கொண்டே போய் அறுந்து நிற்கும். வெட்டிய துண்டின் இரு முனையிலும் 5 மில்லி விநாடி ஃபேட் கொடுக்க மறக்காதீர்கள்.