வன்முறைக்கு ஆளான பெண்ணுக்கு ஊராட்சி மகளிர் கூட்டமைப்பு துணை நிற்பது எப்படி?

தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழு இயக்கம் 1989ஆம் ஆண்டில் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கியபோது சேமிப்பும் கடனுமே அதன் முதன்மையான வேலையாக இருந்தன. ஆயினும் 12 முதல் 20 பெண்கள் தவறாமல் ஒரே பாயில் அமர்ந்து வரவு செலவு பேசும் இடத்தில், யாருடைய கை வீங்கியிருக்கிறது, யார் இரண்டு கூட்டங்களுக்கு வரவில்லை, யாருடைய மகள் திடீரென்று பள்ளியிலிருந்து நின்றுவிட்டாள் என்பதெல்லாம் வேறெந்த அலுவலகத்துக்கும் எட்டும் முன்பே தெரிந்துவிடுகிறது. எனவே அடிபட்ட பெண் முதலில் தேடி வருவது பெரும்பாலும் குழுவின் ஊக்குநரையோ பிரதிநிதியையோதான். குழுக்களை ஒன்றிணைக்கும் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்பதை இங்கே எழுதுகிறேன். கூட்டமைப்பு ஒரு நீதிமன்றமாகிவிடக் கூடாது என்பதே இதில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது. தீர்ப்புச் சொல்வதும், அபராதம் வாங்குவதும், கணவனையும் மனைவியையும் வற்புறுத்திச் சேர்த்து வைப்பதும் கட்டப்பஞ்சாயத்தின் வேலைகள். அப்பெண் தனக்கென்று எடுக்கும் முடிவு நிறைவேறும்வரை உடன் நடப்பது மட்டுமே நம் பொறுப்பு.

புகார் வருவதற்கு முன்பே

இதற்கென ஒரு சிறு குழுவை முன்கூட்டியே தீர்மானம் போட்டு அமைத்துக்கொள்ள வேண்டும். ஐந்து முதல் ஏழு பேர் போதும். ஆனால் அவர்கள் ஒரே தெருவையோ ஒரே சாதியையோ சேர்ந்தவர்களாக இருக்கக் கூடாது. காலனியிலிருந்தும் கணவரை இழந்தோ பிரிந்தோ வாழும் பெண்களிலிருந்தும் உறுப்பினர்கள் கட்டாயம் இருக்க வேண்டும், ஏனெனில் மற்றவர்களிடம் வாய் திறக்கத் தயங்கும் பெண்கள் அவர்களிடம்தான் பேசுவார்கள். பேருந்துக் கட்டணம், ஆட்டோ வாடகை, நகல் எடுக்கும் செலவு ஆகியவற்றுக்குப் பொது நிதியிலிருந்து ஒரு தொகையை ஒதுக்கி, இரவு நேரத்திலும் கைக்குக் கிடைக்கும்படி இருவரின் பொறுப்பில் வைக்க வேண்டும். கையில் பணமில்லாமல் காலைவரை காத்திருந்த ஒரே காரணத்தால் மனம் மாறி வீட்டுக்குத் திரும்பிவிடும் பெண்கள் உண்டு.

போக வேண்டிய அலுவலகங்களுக்கு ஒருமுறையேனும் முன்னதாகச் சென்று வந்துவிட வேண்டும்: அனைத்து மகளிர் காவல் நிலையம், மாவட்ட சமூக நல அலுவலகம், அங்கேயுள்ள பாதுகாப்பு அலுவலர் (குடும்ப வன்முறைப் புகார்களைக் கவனிப்பவர்), வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு ஒரே இடத்தில் உதவி தரும் சகி ஒருங்கிணைந்த சேவை மையம், வட்ட சட்டப் பணிகள் குழு. பெண்களுக்கான உதவி எண் 181, குழந்தைகளுக்கான 1098, அவசர அழைப்புக்கான 112, இலவச சட்ட உதவிக்கான 15100 ஆகியவற்றைக் கூட்டமைப்புக் கட்டடத்திலும், அதைவிட முக்கியமாகப் பெண்கள் தனியாகப் போகக்கூடிய இடங்களிலும் எழுதி வையுங்கள்.

முதல் பேச்சு

இந்தப் பணியின் பாதி இங்கேதான் இருக்கிறது. கேட்பவர்கள் இருவருக்கு மேல் வேண்டாம். இடத்தை அவரே சொல்லட்டும். கூட்டமைப்புக் கட்டடத்துக்குள் நுழைவதை ஊரே பார்க்குமென்றால், மதியத்தில் ஆளில்லாத அங்கன்வாடியோ வயல் வரப்போ கூடப் பொருத்தமான இடம்தான். அவர் பேசும்போது குறுக்கிடாதீர்கள். "நீ என்ன சொன்னாய், எதற்காக அடித்தார்?" என்ற கேள்வி, கேட்பவருக்குச் சாதாரணமாகத் தோன்றினாலும், அடிக்கு ஒரு நியாயம் இருந்திருக்கும் என்று சொல்வதாகவே அந்தப் பெண்ணின் காதில் விழுகிறது. அதற்குப் பதிலாக, "இப்போது வீட்டுக்குப் போனால் பயமாக இருக்குமா? பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள்?" என்று கேட்டால், உடனடியாகச் செய்ய வேண்டியது எது என்பது தெளிவாகிவிடும்.

சில கேள்விகளைத் தயங்காமல் கேட்டே ஆக வேண்டும். கழுத்தை நெரித்தாரா? கொன்றுவிடுவதாகச் சொன்னாரா? அரிவாள் போன்ற ஆயுதம் காட்டினாரா? நீங்கள் கருவுற்றிருக்கிறீர்களா? கழுத்து நெரிக்கப்பட்டிருந்தால், வெளியே தடயமே தெரியாவிட்டாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். உள்காயத்தின் விளைவு சில மணி நேரம், சில வேளைகளில் சில நாள் கழித்துக்கூட வெளிப்படலாம். வீட்டில் பூச்சிமருந்து இருக்கிறதா, அதைக் குடித்துவிடலாம் என்ற எண்ணம் வந்ததா என்பதையும் நேராகவே கேளுங்கள். அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. "ஆம்" என்று அவர் சொன்னால், அன்று இரவு அவரைத் தனியே விடாமல் ஒருவர் உடன் தங்க வேண்டும்; மருந்தை வீட்டிலிருந்து அப்புறப்படுத்த வேண்டும்; மனநல ஆலோசனை கிடைக்கும் 104 அல்லது 14416 என்ற எண்ணை அழைத்து ஆலோசகரிடம் அவரையே பேச வைக்க வேண்டும்.

நடந்ததை எழுதி வைக்க அவர் சம்மதித்தால், அவருடைய சொற்களிலேயே தேதியுடன் எழுதி, படித்துக் காட்டி, தனிக் கோப்பில் பூட்டி வையுங்கள். தீர்மானப் பதிவேட்டில் பெயரோ விவரமோ ஏறக் கூடாது, ஏனெனில் அந்தப் பதிவேட்டைத் தணிக்கைக்கு வருவோரும் வங்கிக்காரரும் புரட்டுவார்கள். பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை அச்சிட்டு வெளியிடுவது 2 ஆண்டுவரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். வாட்ஸ்அப் குழுவில் ஆறுதல் சொல்வதற்காகப் பெயரைப் பகிர்வதும் அந்தப் பெண்ணைக் காட்டிக்கொடுப்பதே ஆகும்.

சட்டம் திறந்து வைத்திருக்கும் வழிகள்

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் இயற்றப்பட்டு 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. காவல் நிலையத்துக்குப் போக விரும்பாத பெண்ணுக்கும் இது பயன்படும் என்பதை முதலில் சொல்லுங்கள். மனைவிக்கு மட்டுமல்லாமல், ஒரே வீட்டில் வாழும் தாய், மகள், சகோதரி, கணவரை இழந்த மருமகள், திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழும் பெண் ஆகியோருக்கும் இது பொருந்தும். அடி உதை மட்டுமன்றி, இழிவாகப் பேசுவது, விருப்பமில்லாத உறவுக்கு வற்புறுத்துவது, கூலியைப் பிடுங்கிக்கொள்வது, சாப்பாட்டுக்குப் பணம் தராமலிருப்பது ஆகியவையும் வன்முறை என்றே இச்சட்டம் சொல்கிறது. பாதுகாப்பு அலுவலர் குடும்ப நிகழ்வு அறிக்கையைத் தயாரிப்பார். அப்பெண்ணோ, அவர் சார்பில் அலுவலரோ நீதித்துறை நடுவரிடம் மனுச் செய்யலாம். மனு கிடைத்ததிலிருந்து பொதுவாக 3 நாட்களுக்குள் முதல் விசாரணை வைக்கவும், 60 நாட்களுக்குள் முடிக்க முயலவும் சட்டம் கூறுகிறது. நடைமுறையில் தாமதமாகிறது என்பதால், மனுவிலேயே இடைக்கால உத்தரவையும் சேர்த்துக் கேட்கச் சொல்லுங்கள். வீடு யார் பெயரில் இருந்தாலும் அங்கே வசிக்கும் உரிமை, செலவுத் தொகை, குழந்தைகளின் தற்காலிகப் பொறுப்பு, அவரை அணுகக் கூடாது என்ற தடை ஆகிய அனைத்தையும் அந்த ஒரே மனுவில் கோர முடியும். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டுவரை சிறையோ 20,000 ரூபாய்வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். வழக்கறிஞருக்குச் செலவழிக்க வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு.

காவல் நிலையத்துக்குப் போவதென்று அவர் முடிவெடுத்தால், இருவர் உடன் செல்லுங்கள். "சம்பவம் நடந்தது எங்கள் எல்லையில் இல்லை" என்று திருப்பி அனுப்ப முடியாது; 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவுப்படி, பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகார் பெறப்பட வேண்டும், முதல் தகவல் அறிக்கையின் நகலும் இலவசமாகத் தரப்பட வேண்டும். மனு ரசீது என்பது வேறு, முதல் தகவல் அறிக்கை என்பது வேறு என்பதை உடன் செல்பவர் நன்றாக அறிந்திருக்க வேண்டும், ஏனெனில் ரசீதை வாங்கிக்கொண்டு வழக்குப் பதிவாகிவிட்டது என்று நம்பி வீடு திரும்புவது அடிக்கடி நடக்கிறது. பதிய மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். அதற்கும் பலனில்லையெனில் நடுவரை அணுகலாம். பாலியல் வன்புணர்வு வழக்கில் அப்பெண்ணின் வாக்குமூலம் அவர் வீட்டிலோ அவர் விரும்பும் இடத்திலோ, இயன்றவரை பெண் அதிகாரியால், உறவினரோ அப்பகுதிச் சமூகப் பணியாளரோ உடனிருக்கப் பதிவு செய்யப்பட வேண்டும். அந்தச் சமூகப் பணியாளரின் இடத்தில் நம் உறுப்பினர் அமரலாம் என்பதை நான் மிகப் பெரிய வாய்ப்பாகக் கருதுகிறேன்.

பாலியல் வன்முறையில் நேரம் மிக முக்கியம். குளிக்காமல், உடையைத் துவைக்காமல், அந்த உடையைப் பிளாஸ்டிக்கில் கட்டாமல் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு செல்வது நல்லது; ஏற்கெனவே குளித்துவிட்டாலும் போகத்தான் வேண்டும். கருத்தரிப்பையும் எச்.ஐ.வி. தொற்றையும் தடுக்கும் மருந்துகளை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அரசு மருத்துவமனையும் சரி, தனியார் மருத்துவமனையும் சரி, உடனடிச் சிகிச்சையை இலவசமாகத் தரச் சட்டத்தால் கடமைப்பட்டவை. வழக்குப் பதிவான பிறகுதான் பார்ப்போம் என்று சொல்ல முடியாது. பெண்ணுறுப்பில் விரல்களை நுழைத்துப் பார்க்கும் இரு விரல் சோதனை நடத்தக் கூடாதென உச்ச நீதிமன்றம் 2022இல் மீண்டும் உறுதியாகச் சொல்லியிருக்கிறது. மருத்துவர் அதற்கு முனைந்தால் உடன் செல்பவர் மறுத்துப் பேச வேண்டும்.

"அவரிடம் பேசி மட்டும் விடுங்கள்"

மிகப் பல பெண்கள் முதலில் கேட்பது இதைத்தான். வழக்கு வேண்டாம், பிரிவும் வேண்டாம், அடி நின்றால் போதும் என்கிறார்கள். அதைக் கோழைத்தனமாக எண்ண வேண்டாம். அவருடைய வீட்டையும் வாழ்க்கையையும் அவரே நன்றாக அறிவார். பேசலாம், ஆனால் அவர் சம்மதித்த பிறகே பேச வேண்டும். கோயில் வாசலிலோ தேநீர்க் கடையிலோ பேசக் கூடாது; அவரைக் கணவரின் எதிரே உட்கார வைத்து நடந்ததைச் சொல்லச் சொல்லக் கூடாது; "இருவரும் விட்டுக்கொடுங்கள்" என்று அடித்தவரையும் அடிபட்டவரையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. அடி மறுபடி விழுந்தால் என்ன செய்யப் போகிறோம் என்பதைக் கணவரிடம் பேசுவதற்கு முன்பே அந்தப் பெண்ணுடன் கலந்து முடிவு செய்துகொள்ளுங்கள்.

பாலியல் வன்புணர்விலும் குழந்தைகள் மீதான குற்றத்திலும் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. இத்தகைய குற்றங்களில் எந்தச் சூழ்நிலையிலும் சமரசத்தை எண்ணிப் பார்க்கவே முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2015இல் ஒரு மத்தியப் பிரதேச வழக்கில் கூறியது. கெடுத்தவனுக்கே கட்டி வைப்பது என்ற ஊர்ப் பேச்சுக்குக் கூட்டமைப்பில் ஒருவர்கூடத் தலையாட்டக் கூடாது.

சிறுமிகள்

18 வயது நிறையாதவர் மீது பாலியல் குற்றம் நடந்ததாக அறிந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல் துறைக்குத் தெரிவிப்பது அனைவரின் கடமை, தெரிவிக்காமலிருப்பது தண்டனைக்குரியது. எனவே "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று சிறுமிக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். "உனக்கு உதவக்கூடியவர்களிடம் மட்டும் சொல்வேன், அதை உன்னிடம் சொல்லிவிட்டே செய்வேன்" என்பதே உண்மையான வாக்கு. விவரங்களைத் துருவிக் கேட்காமல் 1098ஐ அழையுங்கள். வாக்குமூலம் வாங்கும் அதிகாரி சீருடையில் வரக் கூடாது, சிறுமியை இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கவும் கூடாது.

குழந்தைத் திருமணத்தைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டில் மாவட்ட சமூக நல அலுவலரே தடுப்பு அலுவலர். 2006ஆம் ஆண்டுச் சட்டம் மணமகனையும் பெற்றோரையும் மட்டுமன்றி, நடத்தி வைப்பவரையும் துணை நிற்பவரையும் 2 ஆண்டுவரை சிறைக்கும் ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதத்துக்கும் உள்ளாக்குகிறது. முகூர்த்த நாளன்று காரில் போய் நிறுத்துவதைவிட, பரிசம் பேசும் நாளிலேயே தாயிடம் பேசுவது பெரும்பயன் தரும். நிறுத்திய பிறகு வேலை முடிந்துவிட்டதாக எண்ண வேண்டாம். வேறு மாவட்டத்துக் கோயிலில் அடுத்த மாதமே தாலி ஏறிவிடுவதுண்டு. நடுவரிடம் தடை உத்தரவு பெற்றுவிட்டால், அதை மீறி நடக்கும் திருமணம் செல்லாது. அந்தச் சிறுமி மறுபடி பள்ளிக்குப் போகிறாளா என்பதை வாரம் ஒருமுறை பார்த்துவர ஒருவரை நியமியுங்கள்.

நம்மவர்களே எதிர்த்தரப்பாக இருக்கும்போது

கூட்டமைப்புகள் உடைவது பெரும்பாலும் இங்கேதான். குற்றம் சாட்டப்பட்டவர் தலைவியின் மகனாகவோ செயலாளரின் கணவராகவோ இருந்தால், அந்த உறுப்பினர் அந்தப் புகாரிலிருந்து முழுவதுமாக விலக வேண்டும். கோப்பை வட்டார அளவிலான கூட்டமைப்பிடம் ஒப்படைத்துவிடுவது நல்லது. பாதிக்கப்பட்டவர் தலித் பெண்ணாகவும் எதிர்த்தரப்பு வேறு சாதியாகவும் இருந்தால், "ஊர் இரண்டாகிவிடும்" என்ற அச்சத்தைக் காட்டியே அவரை அடக்கப் பார்ப்பார்கள். 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதியக் கேளுங்கள்; துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி விசாரிக்க வேண்டும், நிவாரணத் தொகையும் உண்டு.

கடனும் இதில் குறுக்கிடுகிறது. கணவர் வாங்கிச் செலவழித்த குழுக்கடனின் தவணைக்காக அப்பெண்ணை நாமே வாசலில் நின்று நெருக்கினால், அன்று இரவு வீட்டில் விழும் அடியில் நமக்கும் பங்குண்டு. புகார் கொடுத்த பெண்ணின் தவணையை மூன்று மாதமோ ஆறு மாதமோ தள்ளி வைக்கக் காரணம் குறிப்பிடாமல் தீர்மானம் போடலாம்; வங்கிக்குரிய பங்கைப் பொது நிதியிலிருந்து செலுத்தி, பிறகு சிறுகச் சிறுகப் பெற்றுக்கொள்ளலாம்.

அதன் பின்

முதல் மாதத்தில் வாரம் ஒருமுறையும், பிறகு மாதம் ஒருமுறையும் யாராவது அவரைச் சந்திக்க வேண்டும். வீட்டுக்குச் செல்வது ஆபத்தென்றால் நூறு நாள் வேலை இடத்திலோ தண்ணீர்க் குழாயடியிலோ பேசலாம். நீதிமன்றத் தேதிகளை உடன் செல்பவரும் குறித்து வைத்திருக்க வேண்டும். இடையில் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டு அவர் கணவர் வீட்டுக்கே போய்விட்டால், "இத்தனை அலைந்தோமே" என்று ஒரு சொல்லும் சொல்லாதீர்கள். அந்தச் சொல்லுக்கு அஞ்சியே அடுத்த முறை அவர் வராமல் போகலாம். ஆதார் அட்டை, குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்கள், மாற்றுடை, சிறிது பணம் ஆகியவற்றைப் பையில் போட்டு நம்பகமான உறுப்பினர் வீட்டில் வைத்திருந்தால், அவர் திரும்பிப் போன பிறகும் அந்தப் பை அங்கேயே இருக்கட்டும். கோப்பையும் அவர் போதும் என்று சொல்லும்வரை மூட வேண்டாம்.