தோட்டப்புறத்தில் மரத்தவளையையும் அதன் நுரைக்கூட்டையும் கண்டறியும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில், பால்மரம் (ரப்பர்) நின்ற நிலங்களில் செம்பனை (எண்ணெய்ப்பனை) வந்துவிட்ட பிறகும், நான்கு கோட்டு மரத்தவளையைக் காண்பது அரிதன்று. 1829-இல் ஜெர்மானிய விலங்கியலாளர் கிராவன்ஹோர்ஸ்ட் விவரித்த பாலிபெடேட்டஸ் லியூக்கோமிஸ்டாக்ஸ் என்னும் இவ்வினம், அடர்காட்டைவிடக் காட்டோரத்தையும் தோட்டத்தையும் வீட்டுக் குளியலறையையுமே மிகுதியாக நாடுவதால், இதைத் தேடி மலையேற வேண்டியதில்லை.

முதலில் தேட வேண்டியது தவளையை அன்று, கூட்டை. இரவில் நல்ல மழை பெய்திருந்தால், மறுநாள் காலையில் நீர் ஓடாமல் தேங்கி நிற்கும் கால்வாயின் சுவர்களையும், பள்ளத்தின்மேல் சாய்ந்த புல்லையும் வாழையிலையையும், நீர்த்தொட்டியின் உட்புறத்தையும் பாருங்கள். பெண் தவளை சுரக்கும் திரவத்தைக் கால்களால் கடைந்து உருவாக்கிய வெளிர்நிற நுரைத்திரள், முட்டையின் வெண்கருவை அடித்து வைத்ததுபோல் ஒட்டியிருக்கும். மேற்புறம் காய்ந்து தோலாகிவிடுவதால் உள்ளே ஈரம் தங்குகிறது. மூன்று, நான்கு நாட்களில் முட்டைகள் பொரிந்து, தலைப்பிரட்டைகள் கீழுள்ள நீரில் விழுகின்றன. அவற்றின் மூக்கு நுனியில் தெரியும் வெண்புள்ளி நல்ல அடையாளமாகும்.

இருட்டிய பின் அதே இடத்துக்கு ரப்பர் காலணி அணிந்து செல்லுங்கள். எலிகளைத் தேடி நாகம் வரும் நிலம் இது. விட்டுவிட்டு ஒலிக்கும் கரகரத்த குரல் கேட்டவுடன் டார்ச் விளக்கை அணைத்துவிடுவது நல்லது. இருவர் சற்றுத் தள்ளி நின்று குரல் வரும் திசையைத் தனித்தனியே சுட்டிக்காட்டினால், அவ்விரு திசைகளும் சந்திக்கும் இடத்தில்தான் ஆண் தவளை அமர்ந்திருக்கும். உடல் பழுப்பாகவோ மஞ்சள் கலந்தோ இருக்கலாம். முதுகில் நான்கு கோடுகள் எல்லாத் தவளைகளுக்கும் இருப்பதில்லை என்பதால், கோட்டை மட்டும் நம்பாமல் விரல் நுனியிலுள்ள வட்டத் தட்டுகளைப் பார்ப்பதே மேல். சொரசொரப்பான தோலும் கண்ணுக்குப் பின்னே நச்சுச் சுரப்பியும் கொண்டு தரையில் தாவுவது தேரை. தவளையின் தோல் எதையும் எளிதில் உறிஞ்சிக்கொள்ளும். கொசுமருந்து பூசிய கையால் தொடவே கூடாது.

வாளியின் மேலோ பழைய டயரின் மேலோ கூடு அமைந்துவிட்டால்தான் சிக்கல். தலைப்பிரட்டை தவளையாக மாறப் பல வாரங்கள் ஆகும். அதுவரை வீட்டு வளாகத்தில் நீரைத் தேங்கவிட்டால் டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெருகும். 1975-ஆம் ஆண்டின் நோய்பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டப்படி அபராதமும் விதிக்கப்படலாம். தவளைக்காக வாளி நீரை விட்டுவைப்பது சரியன்று என்பதே என் கருத்து. கூடு ஒட்டிய இலையைக் காம்போடு வெட்டியோ, சுவரில் இருந்தால் மெல்லிய தகட்டால் முழுதாக வழித்தெடுத்தோ, அருகிலுள்ள மண்பள்ளத்தின் தேங்கு நீருக்கு நேர்மேலே கட்டிவிட்டு, வாளியைக் கவிழ்த்துவிடுங்கள். ஏடிஸ் பெரும்பாலும் கொள்கலன் நீரிலேயே முட்டையிடுவதால், மண்பள்ளத்தால் அத்தகைய ஆபத்து குறைவு. மீன் வளர்க்கும் குளத்தின்மேல் மட்டும் கட்ட வேண்டாம். விழும் தலைப்பிரட்டைகளை மீன்கள் தின்றுவிடும்.