நிலாவெளிக்கு சீசன் முடிகிற நேரத்தில் வருபவர்கள் செய்யும் தவறுகள்

ஒவ்வொரு வருடமும் செப்டம்பர் கடைசியில் சொந்தக்காரர் யாராவது அழைப்பார். கொழும்பிலிருந்து இருக்கும், இல்லாவிட்டால் கனடாவிலிருந்து வந்து நிற்பவராக இருக்கும். "இப்ப சனம் குறைவுதானே, ரூமும் மலிவுதானே, நிலாவெளியில ரெண்டு நாள் நிக்கலாமா?" நிலாவெளி திருகோணமலைப் பக்கத்துக் கடற்கரை, தாராளமாக நிற்கலாம். எனக்கும் பிடித்த நேரம் அதுதான். ஆனால் வருபவர்களில் பாதிப்பேர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரும்புகிறார்கள். அவர்கள் செய்கிற தவறுகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை.

முதல் தவறு, இலங்கைக்கு ஒரே சீசன் என்று நினைப்பது. ஹிக்கடுவை, பெந்தோட்டைப் பக்கம் டிசம்பர் முதல் மார்ச் வரை கடல் நன்றாக இருக்கும். அந்த மாதங்களில் திருகோணமலையில் வாடைக்காற்றும் மாரியும். அங்கே தென்மேல் பருவமழை கொட்டுகிற மே முதல் செப்டம்பர் வரை, மலைநாட்டில் மழையை இறக்கிவிட்டு வெறும் காற்றாக இங்கே வந்து சேருகிறது கச்சான். (கடலைக்கும் எங்களூரில் கச்சான் என்றுதான் பெயர். இது வேறு, உடம்பைக் காயவைக்கிற சூட்டுக்காற்று.) சென்னையிலிருந்து வருபவர்கள் இலங்கை என்றதும் கேரளத்தை நினைக்கிறார்கள். நாகப்பட்டினத்தை நினைத்தால் கணக்குச் சரியாக வரும். அங்கே ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை என்றால் இங்கேயும் அதே மழைதான்.

ஆகவே இங்கே இடைப்பட்ட காலம் இரண்டு. மார்ச் கடைசியும் ஏப்ரலும் ஒன்று, செப்டம்பர் கடைசியும் ஒக்டோபரும் மற்றது. இரண்டையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது. ஏப்ரலில் கடல் அடங்கிக்கொண்டு வரும், நாளுக்கு நாள் நல்லதாகும். ஒக்டோபரில் நாளுக்கு நாள் கெடும். ஏப்ரலில் இரண்டு நாள் பிந்தி வந்தால் லாபம், ஒக்டோபரில் இரண்டு நாள் முந்தி வந்தால் லாபம். நவம்பர், டிசம்பரை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். வங்காள விரிகுடாவில் புயல் எழும்புகிற மாதங்கள் அவை. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி புயல் கரையைத் தொட்டது எங்கள் மாவட்டத்தில்தான்.

பகலைத் தலைகீழாகத் திட்டமிடுவது

இதைத்தான் எல்லோரும் செய்கிறார்கள். காலையில் ஆறுதலாக எழும்பி, சாப்பிட்டு, மதியம் போட்டில் போய், பின்னேரம் கடலில் குளித்து, சூரிய அஸ்தமனம் பார்ப்பதாகத் திட்டம். ஐயா, இது கிழக்குக் கரை. சூரியன் கடலில் விழாது, உங்கள் விடுதிக்குப் பின்னால் பனைமரங்களுக்குள் போய்விடும். கடலில் பார்க்க வேண்டுமென்றால் காலை ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் மணலில் நிற்க வேண்டும்.

அழகுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. பருவக்காற்று மாறுகிற இந்த மாதங்களில் காலையில் வானம் கழுவிவிட்டது போல இருக்கும். வெயில் ஏற ஏறத் தரை சூடாகி, ஈரக்காற்று மேலெழும்பி, உள்நாட்டுப் பக்கம் முகில் கோபுரம் கோபுரமாகக் கட்டும். இரண்டு மூன்று மணிக்குப் பிறகு இடியும் மழையும் வரும். எல்லா நாளும் வராது, வரும் நாளில் வேகமாக வரும். கடலைப் பார்த்துக்கொண்டு இருப்பவருக்கு அது முதுகுப் பக்கம் வளர்வது தெரியாது. அதனால் மத்தியானத்துக்குப் பிறகு அடிக்கடி திரும்பி மேற்கே பாருங்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையில் மூன்று வினாடி என்றால் சுமார் ஒரு கிலோமீற்றர் தூரம். இடைவெளி பத்து வினாடியாகக் குறையும்வரை காத்திருக்காமல் முதல் இடியிலேயே கரையேறுங்கள். தென்னை, பனையடியில் ஒதுங்குவதும் ஆபத்து. கட்டடத்துக்குள் போங்கள், அல்லது வாகனத்துக்குள்.

சுருக்கமாக, இந்த மாதங்களில் நிலாவெளியில் ஒரு நாள் என்பது அரை நாள். காலை உங்களுடையது, பின்னேரம் வானத்தினுடையது.

அலை இல்லாத இடம்தான் பாதுகாப்பு என்று இறங்குவது

ஜூலையில் நிலாவெளிக் கடல் குளம் மாதிரி. இடுப்பளவு தண்ணீரில் நூறு பேர் பேசிக்கொண்டு நிற்பார்கள். அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு ஒக்டோபரில் வருபவர்கள் அதே கடல் என்று நம்புகிறார்கள்.

எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு மருமகன், பதினேழு வயது, நன்றாக நீந்துவான். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது, நடுவில் பத்துப் பன்னிரண்டு அடி அகலத்துக்கு அலையே இல்லை. கொஞ்சம் கலங்கலாக, அமைதியாக இருந்தது. அவன் அதைத்தான் தேர்ந்தெடுத்தான். முழங்கால், இடுப்பு, அப்புறம் கால் எட்டவில்லை. எங்களைப் பார்த்தபடிதான் நீந்தினான், ஆனால் தூரம் கூடிக்கொண்டே போனது. வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருவர் எழும்பி ஓடிவந்து கையைப் பக்கவாட்டில் வீசிக் கத்தினார்: "கரைக்கு வராத தம்பி, அங்கால போ, அங்கால!" பையன் விளங்கிக்கொண்டு வடக்குப் பக்கமாக நீந்தினான். வெள்ளை அலைக்குள் வந்ததும் அலையே தூக்கிக் கரையில் போட்டது.

அதைத்தான் இங்கே இழுவை என்பார்கள். அலைகள் கரைக்குத் தள்ளிய தண்ணீர் திரும்பிப் போக வழி தேடும். மணல்திட்டில் எங்கே பள்ளம் இருக்கிறதோ அங்கே வாய்க்கால் போல ஓடும். ஆழம் கூட என்பதால் அங்கே அலை உடையாது, அமைதியாகத் தெரியும். அதோடு மல்லுக்கட்டிக் கரையை நோக்கி நீந்தினால் களைத்துப் போவீர்கள், ஆபத்து அதில்தான். கரைக்கு இணையாக நீந்தி வெளியே வந்து, பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும். முடியாவிட்டால் மிதந்துகொண்டு கையை உயர்த்துங்கள். களப்பு கடலோடு சேருகிற முகத்துவாரத்தில் எந்த மாதமும் குளிக்காதீர்கள், மழை தொடங்கிய பிறகு அந்தப் பக்கமே போக வேண்டாம்.

புறாமலை

கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றரில் இருக்கும் புறாமலை, பெரியது சிறியது என இரண்டு தீவுகள். 2003இல் தேசியப் பூங்காவாக்கினார்கள். வனசீவராசிகள் திணைக்களத்திடம் ரிக்கற் எடுக்க வேண்டும், வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்குக் கட்டணம் அதிகம், போட்டுக்குத் தனிக்காசு. இங்கே செய்யும் தவறு, "இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், எப்படியாவது கொண்டுபோய் விடுங்கள்" என்று போட்காரரை நெருக்குவது. கூடக் காசு கொடுத்தால் யாராவது ஒருவர் ஓம் என்பார். அந்த ஒருவரோடு போகாதீர்கள். அதோடு, முதல் நாள் மழையில் கடல் கலங்கியிருந்தால் முகமூடி போட்டாலும் உங்கள் கையைத் தவிர ஒன்றும் தெரியாது. தெளிந்த காலையில் போனால் செட்டை நுனி கறுத்த சின்னச் சுறாக்கள் காலுக்குப் பக்கத்தில் வந்து போகும், ஒன்றும் செய்யாது. முருகைக்கல்லில் (பவளப்பாறை) மட்டும் கால் ஊன்றாதீர்கள். அதில் பெரிய உருண்டைகள் வருடத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவில்தான் வளரும், உங்கள் காலில் கீறினால் புண் ஆறவும் நாளெடுக்கும்.

தங்கும் இடத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. திறந்திருக்கும், ஆனால் சமையல்காரர் ஊருக்குப் போயிருப்பார். நானே ஒருமுறை உறவினருக்கு அறை பிடித்துக் கொடுத்து, மூன்று வேளையும் நூடில்ஸ் தின்னவைத்தேன். பதிவு செய்யும்போதே இரவுச் சாப்பாடு உண்டா என்று கேளுங்கள், கையில் காசு வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 13, 14இல் புத்தாண்டுக்குக் கடைகள் பூட்டியிருக்கும். போயா என்ற பௌர்ணமி விடுமுறை, சனி ஞாயிறோடு ஒட்டி வந்தால் கொழும்பில் பாதி இங்கே வந்து நிற்கும். அமைதி தேடி வந்தவருக்கு விடிய விடிய பைலாப் பாட்டுத்தான் கிடைக்கும்.

கரைவலை இழுப்பதைக் கண்டால் ஓடிப்போய்க் கயிற்றைத் தாண்டி நின்று படம் எடுக்கிறார்கள். அந்தக் கயிறு திடீரென்று விறைத்தால் காலை வாரிவிடும். வலை வளைத்திருக்கும் கடலில் இறங்கிக் குளித்தால் மீன் கலைந்துவிடும், அன்றைய உழைப்புப் போச்சு. கேட்டுவிட்டு நீங்களும் ஒரு கை பிடியுங்கள். மடி கரைக்கு வந்ததும் கறிக்கு மீன் வாங்கலாம், விடுதி மீனைவிட நல்ல மீன்.

மீனவர்களைக் கவனிப்பதில் இன்னொரு லாபம் உண்டு. சீசனுக்கு நீர்கொழும்புப் பக்கமிருந்து வந்து வாடி என்ற ஓலைக்குடில் போட்டிருப்பவர்கள் கிடுகைக் கழற்றத் தொடங்கியிருந்தால் கடலின் நல்ல காலம் முடிகிறது என்று கொள்ளலாம். வள்ளங்களைத் தண்ணீரோரத்தில் விடாமல் தாழம்பற்றைவரை இழுத்து ஏற்றியிருந்தால், துவாயை எடுத்துக்கொண்டு ஓட்டோ பிடித்துக் கன்னியாவுக்குப் போய்விடுங்கள். ஏழு வெந்நீர்க் கிணறு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. தூறல் விழும்போது வாளியால் அள்ளி ஊற்றுவதுதான் சுகம்.