கொள்முதல் கோப்பு எங்கே நின்றது? – என் அனுபவம்

எங்கள் அலுவலகத்தில் ஒரு கொள்முதல் கோரிக்கைக்கு ஒப்புதல் கிடைக்க வாரக்கணக்கில் இழுக்கும். ஆள் பற்றவில்லை என்றார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வேலை நடக்கும் விதத்தை முதலில் பிபிஎம்என் 2.0 குறியீட்டில் வரைந்தேன். ஒரு வேலை யார் யார் கை மாறிப் போகிறது என்பதைப் படமாக வரைய உதவும் குறியீடு இது. ஓஎம்ஜி என்ற கணினித் தர அமைப்பு 2011-இல் வெளியிட்ட இது, 2013-இல் ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தரமும் ஆனது. விதிப்புத்தகத்தைப் பார்த்து வரையவில்லை, கோப்பைக் கையாள்பவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து வரைந்தேன். இது ரொம்ப முக்கியம்.

படத்தில் துறைக்கு ஒரு பட்டை. கணக்குப் பிரிவின் பட்டையிலிருந்து ஓர் அம்பு, கோரிக்கை அனுப்பிய துறைக்கே திரும்பத் திரும்பப் போனது. படிவத்தில் பட்ஜெட் தலைப்பு எண் காலியாக இருந்ததுதான் காரணம். சரிபார்க்கச் சில நிமிடம்தான் ஆகும். காத்திருப்புதான் நாட்களைத் தின்றது. அந்தக் கட்டத்தை நிரப்பாமல் படிவத்தை அனுப்பவே முடியாதபடி மாற்றினோம்.

அப்புறம், ஒன்றன்பின் ஒன்றாக நடந்த தொழில்நுட்பச் சரிபார்ப்பையும் நிதிச் சரிபார்ப்பையும், படத்தில் இணை வழிகளைக் காட்டும் கூட்டல் குறி போட்ட சாய்சதுரத்தால் பிரித்து ஒரே நேரத்தில் ஓடவிட்டோம். இரண்டும் சேரும் இடத்திலும் அதே கூட்டல் குறி வேண்டும். பெருக்கல் குறியைப் போட்டால் ஒன்றுக்காக ஒன்று காத்திருக்காது. கொள்முதல் ஆணை இரண்டு முறை கிளம்பிவிடும்.

இப்போது கோப்பு திரும்பி வருவது அபூர்வம். அடுத்து பில் பட்டுவாடாவை வரையத் தொடங்கியிருக்கிறோம்.