தானம் கொடுக்கிற மாட்டின் பல்லை நீங்களே பாருங்கள்

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். வாங்குகிறவருக்குச் சொன்ன புத்தி அது. இலங்கையின் கிழக்கே, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கிலுள்ள படுவான்கரைப் பக்கம் நான் பார்த்த கால்நடை உதவிகள் பலவும் சறுக்கியது இந்தப் பழமொழியில்தான். வாங்குகிறவர் பல்லைப் பார்ப்பதில்லை, பார்த்தாலும் வாய் திறப்பதில்லை. கொடுக்கிறவருக்கோ பார்க்கத் தெரியாது. இடையில் நிற்கிற தரகருக்கு நல்ல காலம்.

வெல்லாவெளிப் பக்கம் ஒரு மாமிக்கு எங்கள் ஊர்ச் சங்கம் ஒரு பசு கொடுத்தது. மாலை போட்டு, படம் எடுத்து, கயிற்றைக் கையில் கொடுத்துவிட்டு வந்தோம். இரண்டு வருடம் கழித்துப் போனால் மாடு அடைக்கிற பட்டி வெறுமையாகக் கிடக்கிறது. ஒரு கன்று போட்டதோடு பசு ஓய்ந்துவிட்டதாம். முன்பல் எட்டும் தேய்ந்து இடைவெளி விழுந்த கிழட்டு மாடு அது. மாமி சின்ன வயதிலிருந்தே பட்டியோடு வளர்ந்தவர், கயிற்றை வாங்கிய அன்றைக்கே அவருக்குத் தெரியும். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "கொண்டு வந்து தந்த ஆக்களுக்கு முன்னால அதைச் சொல்லலாமா மனே?" என்றார்.

பல் பார்ப்பது பெரிய வித்தை இல்லை. மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது, கீழே எட்டுத்தான். கிட்டத்தட்ட இரண்டு வயதில் நடுவில் இரண்டு பெரிய பல் முளைக்கும். நான்கு, ஐந்து வயதாகும்போது எட்டும் நிறைந்துவிடும். நாட்டு மாட்டுக்குக் கொஞ்சம் பிந்தும். அதன் பிறகு தேய்மானம்தான். பல் ஆடினால், குட்டையாகி இடைவெளி விட்டிருந்தால், என்ன விலை சொன்னாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

வெளிநாட்டில் இருக்கிற உறவுகள் அனுப்புகிற காசில் மாடு வாங்கிக் கொடுக்க அலைந்தவன் நான். கீழே சொல்கிற தவறுகளில் முக்கால்வாசியை நானே செய்திருக்கிறேன்.

புல் எங்கே என்று கேட்காமல் கொடுப்பது

இதைத்தான் முதல் தவறு என்பேன். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

மட்டக்களப்பு, அம்பாறையில் பட்டி மாடு வருடம் முழுக்க ஓரிடத்தில் நிற்பதில்லை. பெரும்போக விதைப்புத் தொடங்கினால் வயல்வெளிக்குள் மாடு இறங்க முடியாது. பட்டிகளை மேற்கே மேட்டுநிலத்துக்கும் காட்டோரத்துக்கும் சாய்த்துக்கொண்டு போவார்கள். அங்கே வாடி (தற்காலிகக் குடில்) அடித்து மாரி முழுக்கத் தங்கி, அறுவடை முடிந்த பிறகு திரும்பி வந்து, அறுத்த வயலில் மிஞ்சிக் கிடக்கிற அரிதாள் மேய்ப்பார்கள். பட்டிப்பொங்கலைக்கூட வீட்டு முற்றத்தில் வைக்காமல் மேய்ச்சல்தரையிலேயே பொங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

அந்த மேய்ச்சல்தரைக்குத்தான் இப்போது பெரிய தட்டுப்பாடு. மட்டக்களப்பில் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல்தரைகளில் வெளியிடங்களிலிருந்து வந்தவர்கள் காணி பிடித்துப் பயிர் செய்வதை எதிர்த்துப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் போராட்டத்தில் இறங்கியது எல்லோரும் அறிந்த செய்தி. அம்பாறையில் வட்டமடுவை எடுத்துக்கொண்டால் வயல் செய்கிறவர்களுக்கும் மாடு வளர்க்கிறவர்களுக்கும் இடையே இழுபறி வருடக்கணக்காக நடக்கிறது. இந்த நிலைமையில் ஒரு ஊருக்குள் முப்பது மாட்டை இறக்கினால் என்ன நடக்கும்? இருக்கிற புல்லை இருக்கிற மாட்டோடு பங்கு போட வேண்டும். உங்கள் உதவி கிடைக்காத பக்கத்து வீட்டுக்காரரின் மாடும் சேர்ந்து மெலியும்.

அதனால் கொடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "மாரிக்கு மாடு எங்கே போகும்?" யாருடைய பட்டியோடு, எந்தப் பக்கம், கூலி எவ்வளவு என்று பதில் வந்தால் சரி. "அது பார்ப்பம்" என்று வந்தால் மாடு கொடுக்காதீர்கள். ஒற்றை மாட்டை வைத்திருக்கிறவர் அதற்காகத் தனியாகக் காட்டில் போய் வாடி அடிக்க முடியாது. யாராவது ஒரு பட்டிக்காரரோடு சேர்த்துத்தான் விட வேண்டும், அதற்குக் காசு வேண்டும். அந்தக் காசை உதவிக் கணக்கில் எழுதிய சங்கத்தை நான் இதுவரை பார்க்கவில்லை, எங்களுடையதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வீட்டிலேயே கட்டி வளர்க்கலாமே என்பார்கள். வளர்க்கலாம். 200 கிலோ நாட்டுப் பசுவுக்கு நாளுக்கு 20 கிலோ பச்சைப்புல்லாவது வேண்டும். கூலி வேலைக்குப் போய் வருகிற பெண் அதைத் தினமும் எங்கே போய் அறுப்பார்? இரண்டு நாள் அறுப்பார். மூன்றாம் நாள் கயிற்றை அவிழ்த்து விடுவார். மாடு கட்டாக்காலி ஆகும், யாருடைய வேளாண்மைக்குள்ளாவது இறங்கும், பிரதேச சபை பிடித்துக்கொண்டு போய் அடைத்துத் தண்டம் கேட்கும். தண்டம் கட்ட அவர் கடன் எடுப்பார். கிழமைக்குக் கிழமை வந்து வாசலில் நிற்கிற லோன்காரர்களை இங்கே யாருக்கும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை.

விடுமுறைக்கு ஏற்ற மாதிரி மாடு கொடுப்பது

காசு அனுப்புகிறவர் ஊருக்கு வருவது ஆவணியில் பிள்ளைகளின் பள்ளி லீவுக்கு, இல்லாவிட்டால் மார்கழியில். விழாவும் அப்போதுதான் வைப்போம். ஆவணியில் கோடை, தரையில் புல் கருகிக் கிடக்கும். மார்கழியில் வெள்ளமும் குளிர்காற்றும். லொறியில் வந்து இறங்கி, புது இடமும் புது ஆளுமாகத் திகைத்து நிற்கிற மாட்டுக்கு இரண்டுமே ஆகாத காலம்.

2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் வங்காள விரிகுடாவில் போன நாட்களில் வடக்கிலும் கிழக்கிலும் ஒரே இரவில் மாடும் ஆடும் கூட்டங்கூட்டமாக விழுந்தன. முதலில் ஏதோ தொற்றுநோய் என்றுதான் பயந்தார்கள். கடைசியில் குளிர்தான் காரணம் என்றார்கள் மிருக வைத்தியர்கள். மழையில் நனைந்து, வயிற்றில் தீனியும் இல்லாமல், ஒதுங்க இடமில்லாத மாடு அந்தக் காற்றைத் தாங்காது. வாங்கிக் கொடுத்து ஒரு மாதம்கூட ஆகாத மாட்டுக்கு அப்படி ஓர் இரவு வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

மாசி, பங்குனியில் கொடுங்கள். வயலில் அரிதாள் கிடக்கும், வைக்கோல் மலிவாகக் கிடைக்கும், அடுத்த மாரிக்கு ஏழெட்டு மாதம் இருக்கும். அதற்குள் மாடும் ஆளும் பழகிவிடுவார்கள், கொட்டிலும் போட்டுவிடலாம். காசு கொடுத்தவர் அப்போது வர முடியாதா? படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம்.

பாலை மட்டும் பார்த்து இனம் தேர்வது

நாட்டுப் பசு ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு லீற்றர்தான் கறக்கும். ஜெர்சி, பிரீசியன் என்ற வெளிநாட்டு இனங்களின் கலப்பு அதைப் போலப் பல மடங்கு கறக்கும். கடதாசியில் கணக்குப் போட்டால் கலப்புத்தான் வெல்லும். ஆனால் அந்தக் கணக்கில் புண்ணாக்கும் தவிடும் தண்ணீரும் நிழலும் மிருக வைத்தியரும் இருக்க வேண்டும். 2017 இல் அரசாங்கத் திட்டம் ஒன்றின் கீழ் அவுஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் ஆயிரக்கணக்கில் கறவை மாடுகள் கப்பலில் வந்து இறங்கின. வாங்கிய பண்ணைக்காரர்கள் பலர் மாடு செத்தது, சினைப்படவில்லை, கடன் மிஞ்சியது என்று முறையிட்டார்கள். அவர்கள் ஓரளவு வசதியுள்ள பண்ணைக்காரர்கள். நாங்கள் கொடுக்கப் போவது ஓலைக் கொட்டிலுக்கு.

வெயிலையும் உண்ணியையும் தாங்கிக் காட்டுப்புல்லில் வளர்கிற நாட்டு மாட்டுக்கு, கொஞ்சம் சாஹிவால் என்ற கறவை இனத்தின் கலப்பு இருந்தால் நல்லது. பால் கூடவேண்டும் என்றால் பிறகு செயற்கைச் சினைப்படுத்தலில் படிப்படியாகப் போகலாம். பாலை எங்கே ஊற்றுவது என்பதையும் இப்போதே பாருங்கள். சேகரிப்பு நிலையம் பத்து மைல் தள்ளி இருந்தால் காலையில் கறந்த பால் வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேராது. சட்டித் தயிர் உறைய வைக்கிற வீடு பக்கத்தில் இருந்தால் அதுவே போதும்.

நாளைக்கே பால் வரும் என்று நினைப்பது

ஒரு நாகு, அதாவது இன்னும் கன்று போடாத இளம் பசு, கொடுக்கிறீர்கள். சினைப்படும் வயது வர ஒரு வருடம் என்று வைப்போம். பக்கத்துப் பட்டியில் நல்ல நாம்பன் (காளை) இருந்தால் சினைப்படும், இல்லையென்றால் அதுவும் இழுபடும். சினைக்காலம் ஏறக்குறைய 280 நாள். அப்படியானால் முதல் துளி பாலுக்கே இரண்டு வருடம். பிறக்கிறது பசுக்கன்றா நாம்பன் கன்றா என்பது பாதிக்குப் பாதி. பசுக்கன்றாகவே பிறந்தாலும் அது கறவைக்கு வர இன்னும் மூன்று, நான்கு வருடம். அந்த வீட்டில் அடுப்பு எரிய வேண்டியது இன்றைக்கு.

சினையாக இருக்கிற, ஏற்கெனவே ஒரு தரமாவது கன்று போட்ட மாட்டை வாங்குங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். விலை கூடத்தான் செய்யும். பத்துப் பேருக்கு நாகு கொடுக்கிற காசில் ஆறு பேருக்குச் சினை மாடு கொடுக்கலாம். மீதி நாலு பேருக்கு என்ன சொல்வது என்பது உண்மையிலேயே கஷ்டமான கேள்வி. ஆடோ கோழியோ கொடுக்கலாம். ஆடு ஐந்து மாதத்தில் குட்டி போடும், பல நேரம் இரட்டைக்குட்டி. ஆனால் ஈரத்தில் ஆடு நிற்காது. தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயர்த்திய பரண் கொட்டில் இல்லாமல் வாகரையிலோ கிரானிலோ ஆடு கொடுத்தால் கார்த்திகை முடிவதற்குள் இருமத் தொடங்கிவிடும்.

ஒரே கிழமையில் முப்பது மாடு வாங்குவது

வருட முடிவுக்குள் காசைச் செலவழிக்க வேண்டும் என்று அவசரப்பட்டால் இதுதான் நடக்கும். சங்கம் மாடு தேடுகிறது என்று தெரிந்ததும் விலை ஏறும், விற்காமல் கிடந்த கழிவு மாடெல்லாம் வெளியே வரும். அப்புறம் வேறு மாவட்டத்திலிருந்து லொறியில் ஏற்றி வருவார்கள். காலிலும் வாயிலும் புண் வருகிற கால்வாய் நோயும் தோல் கழலை நோயும் அந்த லொறியிலேயே வரலாம். மாட்டை ஏற்றுவதற்குக் குறைந்தது இரண்டு கிழமைக்கு முன்னரே தடுப்பூசி போட வேண்டும், அது பிடிக்க அவ்வளவு நாள் தேவை. வந்த பிறகும் இரண்டு, மூன்று கிழமை மற்ற மாடுகளோடு சேர்க்காமல் தனியாகக் கட்டுங்கள். முடிந்தால் அதே பிரதேசத்தில், அதே புல்லைத் தின்று வளர்ந்த மாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குங்கள்.

கடதாசி விஷயத்தையும் விட்டுவிடாதீர்கள். 1958 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்க விலங்குகள் சட்டம் மாட்டுக்குக் குறி, உரிமைச் சீட்டு, இடம் மாற்ற அனுமதி என்று எல்லாம் கேட்கிறது. பட்டிக்குள் குறி இல்லாத மாடு யாருடைய மாடும் ஆகலாம். களவு போனால் பொலிசில் போய்ச் சொல்லவும் ஒன்றும் இருக்காது. சீட்டு யார் பெயரில் என்பதையும் பாருங்கள். மாட்டைப் பார்ப்பவர் மனைவி, சீட்டு கணவர் பெயரில் என்றால் ஒரு நாள் மனைவிக்குத் தெரியாமலே மாடு கைமாறிவிடும்.

விற்கவே கூடாது என்று எழுதி வாங்குவது

இதில் என்னோடு சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு. ஐந்து வருடத்துக்கு விற்கக் கூடாது என்று கையெழுத்து வாங்குகிற வழக்கம் எங்கள் சங்கத்திலும் இருந்தது. பட்டிக்காரருக்கு மாடுதான் வங்கி. பிள்ளைக்கு ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் ஒரு நாம்பனை விற்பார், மகளுக்குச் சீதனமாக நாலு மாடு பிரிப்பார். பூட்டிய வங்கியால் அவருக்கு என்ன பயன்? தாய்ப்பசுவை முதல் ஈற்று வரைக்கும் விற்க வேண்டாம் என்று கேளுங்கள், நியாயம். அதற்கு மேல் அவர் பாடு.

பிறக்கிற முதல் பசுக்கன்றை இன்னொரு குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டும் என்ற முறை நல்ல முறைதான். 1944 இல் அமெரிக்காவிலிருந்து புவர்ட்டோ ரிக்கோவுக்கு 17 நாகுகளைக் கப்பலில் அனுப்பித் தொடங்கிய ஹெய்பர் இன்டர்நெஷனல் அமைப்பு இதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. நம் ஊரில் மாட்டைப் பங்குக்கு விட்டு வளர்க்கிறவர்களுக்கு அதை விளக்கவே தேவையில்லை. ஆனால் கன்று தாயை விட்டுப் பிரிகிற வயது வரும் முன்னர் கயிற்றோடு போய் நிற்காதீர்கள். நாங்கள் ஒரு தரம் அப்படி ஐந்து மாதக் கன்றைப் பிரித்துக் கொண்டுபோனோம். அந்த மாரியைக் கன்று தாண்டவில்லை.

இப்போது மாடு பார்க்கப் போகும்போது வெல்லாவெளி மாமியையும் கூட்டிக்கொண்டு போகிறோம். போன தரம் கரடியனாற்றுப் பக்கம் ஏழு மாட்டின் வாயை ஒன்றொன்றாகத் திறந்து பார்த்தார், மடியைத் தடவினார், நடக்க விட்டுப் பார்த்தார். தரகர் விலையை இரண்டு தரம் குறைத்தார். மாமி சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, "வாங்க மனே, போவம்" என்றார். லொறிக்காரருக்குச் சும்மா வந்த கூலியைக் கொடுத்து அனுப்பிவிட்டு, தேத்தண்ணீர் குடித்துவிட்டு பஸ் ஏறினோம்.