மேஜைக்கு அடியில் மாட்ட எந்த ரூட்டர் (மரத்தில் பள்ளமும் விளிம்பு வடிவமும் வெட்டும் மின்கருவி)?
தேக்கில் கதவு நிலைக்கு மோல்டிங் (அலங்கார விளிம்பு) ஓட்ட, 6 மி.மீ. தண்டுள்ள பிட் (வெட்டும் அலகு) மாட்டும் டிரிம்மர் என்ற சின்ன ரூட்டர் போதாது, அது கையில் பிடித்து விளிம்பு தட்டத்தான் லாயக்கு. 1600 வாட்டுக்குக் குறையாத ரூட்டரே வாங்குங்கள்.

பிட்டின் தண்டை இறுக்கிப் பிடிக்கும் காலெட்டைக் கவனியுங்கள். 12 மி.மீ.யும் அரை அங்குலமும் (12.7) ஒன்றல்ல. 12 மி.மீ. தண்டை அரை அங்குலக் காலெட்டில் இறுக்கினால் ஓட்டத்தில் பிட் நழுவும். கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதாம்ல" என்பார், நம்பாதீர்கள்.

வேகக் கட்டுப்பாடு கட்டாயம். 50 மி.மீ.க்கு மேற்பட்ட அகலப் பிட்டுக்கு நிமிடத்துக்கு 12,000 சுற்றைத் தாண்டக் கூடாது. பிட்டில் அதற்கும் குறைவாகப் போட்டிருந்தால் அதுதான் கணக்கு.

பிளஞ்ச் வகையில் (மோட்டாரை அழுத்தி பிட்டை மரத்துக்குள் இறக்கும் ரூட்டர்) ஸ்பிரிங்கைக் கழற்ற முடிகிறதா என்று பாருங்கள். தலைகீழாக மாட்டியபின் பிட்டை உயர்த்தும்போது ஸ்பிரிங் எதிர்த்துத் தள்ளும். விரலை விட்டால் அணையும் சுவிட்சும் மேஜைக்கு ஆகாது.

செங்கோட்டைப் பக்கம் சாரல் காலத்தில் காலெட் துருப்பிடிக்கும். வேலை முடிந்ததும் பிட்டைக் கழற்றிவிடுங்கள்.